இரண்டு விரலுக்கு ஒரு சுவிச்

உரப்பைக்குள்ளிருந்து அந்தக் கிற்றார் வெளியே வந்ததும் நான் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட வேண்டும்போல் இருக்கிறது. முதிரை மரத்தில் வெட்டிய உடம்பு, ஆட்டுக்கல்லுக்குக் குறையாத பாரம். அதன் முகத்தில் ஏழு சுவிச்சுகள், ஏழும் ஏழு சாதி. ஒன்று பழைய றேடியோவில் கழற்றியது, ஒன்று மேசை விசிறியில் இருந்தது, இன்னொன்று ரோச் லைற்றில் இருந்தது. மிச்சத்தின் பூர்வீகம் கடவுளுக்குத்தான் தெரியும். கிளிநொச்சியில் இருபது வருசமாக அம்பிளிபயர், ஸ்பீக்கர் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். அப்படி ஒரு சாமானை அதற்கு முன்னும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. “இதென்ன ரீச்சர், கிற்றாரோ பவர் ஹவுஸோ?” என்று கேட்டேன். அவாவும் சிரித்தா. “நானும் அவனிட்டை இதைத்தான் கேட்டனான்” என்றா.

ரீச்சர் என்றுதான் எல்லோரும் அவாவைச் சொல்வார்கள். கண்டாவளைப் பக்கத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவா. எனக்குப் படிப்பிக்கவில்லை, அன்றைக்கு முன் அவாவோடு நான் கதைத்ததும் இல்லை. ஆனால் கண்டிருக்கிறேன். காணாமல் போன பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் இருக்கிற வீதியோரக் கொட்டகையில், முன்வரிசைக் கதிரையில், நிமிர்ந்து இருப்பா. மற்றத் தாய்மார் படத்தை மடியில் வைத்திருப்பார்கள். ரீச்சர் வகுப்பில் சார்ட் பிடிப்பதுபோல நெஞ்சுக்கு நேரே பிடித்திருப்பா. கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் போவேன். சைக்கிளை மிதிக்கிற வேகம் அந்த இடத்தில் தானாகக் கூடிவிடும்.

கிற்றாரைச் செய்தது அவாவின் மகன். சண்டைக்காலத் தடையால் வன்னிக்குள் சாமான் ஒன்றும் வராத காலத்தில் செய்திருக்கிறான். தந்திகளுக்குக் கீழே இருக்கிற காந்தச் சுருள்களைப் பிக்கப் என்போம். தந்தி அதிர்வதை வாங்கி அம்பிளிபயருக்கு அனுப்புவது அதுதான். அதைக் கடையில் வாங்க வழியில்லாமல், உடைந்த ஸ்பீக்கரில் காந்தம் எடுத்து, எரிந்துபோன ட்ரான்ஸ்போமரில் தலைமயிர்க் கம்பி உருவி, தையல் மெசினில் நூல் சுற்றுகிற சக்கரத்தைக் கொண்டு தானே சுற்றியிருக்கிறான். ஒன்றல்ல, மூன்று. மூன்றையும் தனித்தனியாகவும் சோடி சேர்த்தும் தலைகீழாக மாற்றியும் பேச வைக்கத்தான் அந்த ஏழு சுவிச்சும். “ஏழு சுவிச்செண்டா நூற்றிருபத்தெட்டு விதமாய்ப் போடலாம். அவனுக்குப் பிடிச்சது நாலு விதந்தான். மிச்சமெல்லாம் சும்மா எடுப்புக் காட்ட” என்றா ரீச்சர். கண்டாவளையை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்தபோது, தாயும் மகனுமாய்ப் பொலித்தீனில் சுற்றி, வீட்டுப் பின்வளவில் ஆளுயரக் கிடங்கு வெட்டி அதைத் தாட்டிருக்கிறார்கள். முகாமிலிருந்து ரீச்சர் தனியே திரும்பி வந்தபோது வீட்டில் கூரையும் இல்லை, கதவு நிலையும் இல்லை. கிற்றார் மட்டும் கிடந்தது.

வேலை என்னவென்று கேட்டேன். அவா ஏற்கெனவே ஒரு கொப்பித்தாளில் படம் வரைந்து கொண்டு வந்திருந்தா. ஏழு சுவிச்சும் போகவேணும். அந்த நாலு விதத்துக்கும் ஒரு சுவிச், ஒரு வொலியூம், அவ்வளவுந்தான். அந்தச் சுவிச்சும் பெருவிரலாலோ சின்ன விரலாலோ தட்டினால் திரும்பவேணும், பிடித்துத் திருகுகிற மாதிரி இருக்கக் கூடாது.

“ஆர் ரீச்சர் வாசிக்கிறது?” என்றேன்.

“என்ரை மகன்.”

“அவர் எங்கை இருக்கிறார்?”

“அதைத்தானே தம்பி நானும் எல்லாரிட்டையும் கேட்டுக்கொண்டு திரியிறன்” என்றா. குரலில் நடுக்கமே இல்லை. பிறகு கையை மேசையில் வைத்து, நடு மூன்று விரலையும் உள்ளே மடக்கிக் காட்டினா. சண்டையின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் மகனைக் கண்ட ஒருவர் வவுனியாவில் இருக்கிறாராம். மகனின் வலது கையில் பெருவிரலும் சின்ன விரலும்தான் மிஞ்சியிருந்தன, சீலைத்துணியால் கட்டியிருந்தது, காயக்காரரோடு ஆமியின் பஸ்ஸில் ஏறினவர் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. “வந்தவுடனை கேக்கப்போற சாமான் இதுதான். எடுத்துப் பார்த்திட்டு, சுவிச்சுப் போட ஏலாமல் அழக்கூடாதெல்லோ” என்றா.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லித்தான் ஆகவேண்டும். என்னைப் பெற்ற ஐயா அதே முள்ளிவாய்க்காலில் செல் விழுந்து செத்தார். பங்கருக்குப் பக்கத்திலேயே மணலைச் சட்டியால் அள்ளி நானும் அம்மாவும் தாட்டோம். கிடங்கு தோண்டியதும் நான், மூடியதும் நான். ஆகையால் எனக்கு எதிர்பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. தாட்டவர்களுக்குக் காத்திருப்பவர்கள்மேல் உள்ளுக்குள் ஒரு எரிச்சல் உண்டு. வெளியில் சொல்லமாட்டோம். கொட்டகைக்கு முன்னால் சைக்கிளை விரட்டுகிற எரிச்சல் அது. ரீச்சர் விரலை மடக்கிக் காட்டியபோதும் எனக்கு இரக்கத்துக்கு முன்னால் வந்தது அந்த எரிச்சல்தான். இந்த மனுசிக்கு ஆராவது உண்மையைச் சொல்லக்கூடாதோ என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஒரு கிழமையால் வாருங்கோ என்றேன்.

அந்த ஒரு கிழமையில் நான் செய்த வேலையை எழுத வெட்கமாக இருக்கிறது. பின்மூடியைக் கழற்றினால் உள்ளே ரெலிபோன் கம்பியில் நெய்த வலை. அதைக் குழப்பமென்று நினைக்கவேண்டாம். ஒவ்வொரு முனையிலும் சின்னத் துண்டுக் கடுதாசியில் இலக்கம் எழுதி நூலால் கட்டியிருந்தான். ஈயம் பற்றவைத்த இடமெல்லாம் மிளகுபோல உருண்டை. பொறுமையாக இருந்து இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் மூன்று பிக்கப்பையும் ஒரு சுவிச்சுக்குள் கொண்டு வந்திருக்கலாம், இரண்டு நாள் வேலை. எனக்கோ கோயில் திருவிழாக் காலம். ஸ்பீக்கர் பெட்டிகள் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. வராத ஆளுக்கு எந்தப் பிக்கப் பேசினால் என்ன என்று நினைத்தேன். நடுப் பிக்கப்பை மட்டும் நேரே வொலியூமுக்குக் கொடுத்தேன். மற்ற இரண்டின் கம்பியையும் நறுக்கி, நுனியில் ரேப் சுற்றி, உள்ளே மடித்து வைத்தேன். அழகுக்கு ஒரு சுவிச்சும் பூட்டினேன். அது நாலு பக்கமும் திரும்பும், சத்தம் மட்டும் மாறாது. இலக்கம் கட்டிய கம்பியையெல்லாம் வாரிக் குப்பையில் போட்டேன்.

ரீச்சர் வந்தா. நான் அம்பிளிபயரில் கொடுத்து ஒரு தரம் தந்தியை இழுத்துக் காட்டினேன். அறை முழுக்கச் சத்தம் வந்ததும் அவா கண்ணை மூடினா. மண்ணுக்குள் கிடந்து வந்தது பேசியதே அவாவுக்குப் போதுமாயிருந்தது. “எல்லாம் வேலை செய்யுதோ?” என்று கேட்டா. ஓம் என்றேன். கழற்றிய சுவிச்சுகளைக் கேட்டு வாங்கினா. கம்பி எங்கே என்றா. அது உக்கிப் போச்சு ரீச்சர், எறிஞ்சிட்டன் என்றேன். அதுவும் பொய்.

இரண்டு கிழமை கழித்து, நான் கடையைத் திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் நின்றா. தோளில் கிற்றார். கண்டாவளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கவேண்டும். அம்பிளிபயரில் கொடுங்கோ தம்பி என்றா, கொடுத்தேன். கைப்பையிலிருந்து ஒரு தேக்கரண்டியை எடுத்தா. கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் கரண்டியால் தட்டினா. ஒன்றுமில்லை. நடுவில் தட்டினா. டொக் என்று ஸ்பீக்கர் அதிர்ந்தது. கடைசிப் பிக்கப்பில் தட்டினா. ஒன்றுமில்லை. சுவிச்சை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் திருப்பி அதையே நாலு தரம் செய்தா. பிக்கப்புக்கு உயிர் இருக்கிறதோ என்று நாங்கள் பார்க்கிற முறை அது. குசினியில் இருந்து கரண்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அவன் அப்படித் தட்டித் தட்டிப் பார்த்ததை அவா எத்தனை நாள் பார்த்திருப்பா. தேவாலயத்து அம்பிளிபயரை இரவல் வாங்கி வீட்டிலேயே பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறா.

“மூண்டில ரெண்டு பேசேல்லை” என்றா.

“பஸ்ஸில அடிபட்டுக் கம்பி கழண்டிருக்கும் ரீச்சர்.”

“திறவுங்கோ.”

திறந்தேன். திறக்காமல் விடவும் முடியாது. நறுக்கிய கம்பிகளும், நுனியில் நான் வடிவாகச் சுற்றிய ரேப்பும் அவாவின் கண்ணுக்கு நேரே கிடந்தன. கழன்ற கம்பிக்கு ஆரும் ரேப் சுற்றமாட்டார்கள். அவா குனிந்து, கணக்குக் கொப்பியில் பிழை தேடுவதுபோல நிதானமாகப் பார்த்தா. அவா கத்தப்போகிறா என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“கோயில் ஸ்பீக்கருக்கு இப்பிடிச் செய்வியளோ?” என்று கேட்டா.

“இல்லை.”

“என்னைப் பேய்க்காட்டினது பரவாயில்லை. எனக்கு இதிலை என்ன தெரியும். அவனை ஏன் பேய்க்காட்டினீங்கள்? நீங்களும் அவன் செத்திட்டான் எண்டு முடிவெடுத்திட்டியள், என்ன? அதிகாரிமாரும் அதைத்தான் சொல்லுகினம். அவை மரணச் சான்றிதழெண்டு கடுதாசியில எழுதித் தரப் பார்த்தவை. நீங்கள் கம்பியை வெட்டிச் சொல்லியிருக்கிறியள்.”

சொல்லவேண்டுமென்று நினைக்காமலே சொன்னேன். “ரீச்சர், நான் என்ரை ஐயாவை என்ரை கையாலை தாட்டனான்.”

அவா என்னை நிமிர்ந்து பார்த்தா. கோபம் போன இடம் தெரியவில்லை. “அப்ப நீங்கள் குடுத்து வச்சனீங்கள் தம்பி” என்றா. ஐயாவின் சாவுக்கு எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கொடுத்து வைத்தவன் என்று சொன்னது அவா ஒருவர்தான். நான் கிற்றாரை வாங்கி மேசையில் வைத்தேன். மற்ற வேலையெல்லாவற்றையும் நிற்பாட்டினேன்.

இந்த முறை முதலில் செய்தது, என் வலது கையின் நடு மூன்று விரலையும் உள்ளே மடக்கி ரேப்பால் சுற்றிக் கட்டியது. விசர் வேலைதான். ஆனால் கட்டின பிறகுதான் எனக்கு அவன் கை விளங்கியது. நான் பூட்டிய சுவிச்சைப் பெருவிரலால் தட்டினால் வழுக்கியது, சின்ன விரல் அதற்கு எட்டவே இல்லை. வொலியூம் குமிழைத் திருக இன்னொரு விரல் வேண்டும். அம்பிளிபயர் வயரைச் செருகுகிற துளை உடம்பின் முன்பக்கத்தில் இருந்தது. இரண்டு விரலால் அதைச் செருகப் போய் மூன்று தரம் வயரைக் கீழே போட்டேன், நாலாம் தரம் வாய்விட்டு ஏசினேன். ஆரை ஏசினேன் என்று கேட்டால், இந்தக் கையைக் கருதாமல் வேலை செய்த மடையனைத்தான். பழைய வால்வு றேடியோ ஒன்றின் நீளக் கைப்பிடிச் சுவிச்சைத் தேடி எடுத்து, தந்திகளுக்குக் கீழே, சின்ன விரல் தானாக விழுகிற இடத்தில் பூட்டினேன். குமிழில் சைக்கிள் ரியூப் துண்டை இழுத்து மாட்டினேன், உள்ளங்கை பட்டாலே உருளும். வயர்த் துளையை விளிம்புக்கு மாற்றினேன். மூன்று நாள் ரேப்பைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தேன். கட்டியிருக்கிறபோது அவன் என் கடைக்குள் நின்றான். அதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஒரு சிக்கல் மிச்சம். அவனுக்குப் பிடித்த நாலு விதம் எவை? இலக்கம் கட்டிய கம்பியை எறிந்தவன் நான், இனி அவாவின் காதுதான் கதி. ரீச்சர் நாலு நாள் பஸ் ஏறி வந்து என் கடைக் கதிரையில் இருந்தா. நான் பிக்கப்புகளை ஒவ்வொரு விதமாய்த் தொடுத்துத் தந்தியை இழுப்பேன். அவாவுக்குப் பிக்கப்பும் தெரியாது, சோடி சேர்ப்பதும் தெரியாது. “இல்லை, இது மூக்கால பாடுது” என்பா. “இது கிட்ட வந்திட்டுது, ஆனா அவன்ரை கொஞ்சம் சிணுங்கும்” என்பா. தேவாலயப் பூசையில் வாசிக்கிறது ஒன்று, கலியாண வீட்டில் வாசிக்கிறது ஒன்று, மழைக்குத் தகரத்தின் கீழ் இருந்து தனக்கென்று வாசிக்கிறது ஒன்று, தாயோடு கோபமென்றால் வாசிக்கிறது ஒன்று. கோபத்துச் சத்தந்தான் எங்களுக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை. நாலாம் நாள் பின்னேரம், வெறுத்துப்போய், கடைசிப் பிக்கப்பைத் தலைகீழாக மாற்றிக் கழுத்துப் பிக்கப்போடு சேர்த்து இழுத்தேன். மெலிந்த, கண்ணாடி கீறுகிற சத்தம். ரீச்சர் எழும்பிவிட்டா. “ஓம். இதுதான். இப்பிடித்தான் எனக்கு எரிச்சல் கிளப்புவான்” என்று சொல்லிக்கொண்டே அழுதா. நானும் அழுதேன், அதற்கென்ன.

அதற்குப் பிறகு அவா வருசத்தில் மூன்று நாலு தரம் கிற்றாரைக் கொண்டு வருவா. கடற்காற்று இல்லாத ஊரிலும் தந்தி துருப்பிடித்துவிடும், நான் மாற்றிக் கொடுப்பேன். விரலைக் கட்டி ஒருக்கால் சுவிச்சைத் தட்டிப் பார்ப்பேன், அவா தலையாட்டுவா. கொட்டகைக்கு முன்னால் நான் சைக்கிளை விரட்டுவதும் நின்றது. அதிலே இருந்தபடியே அவா என்னைக் கண்டு கையைத் தூக்குவா, நானும் இறங்கி நின்று இரண்டு கதை கதைத்துவிட்டுப் போவேன். காத்திருந்தே வருசங்கள் போயின. போன வருசம் நெஞ்சு வருத்தம் வந்து, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்து ரீச்சர் செத்துப்போனா.

மகள் ஒருத்தி சுவிஸில் இருக்கிறா. விசாக் கடுதாசிச் சிக்கலில் வர முடியவில்லை. அம்மாவின் போனில் அடிக்கடி இருந்த இலக்கம் என்னுடையது என்று அயலார் சொல்ல, எனக்கு எடுத்தா. அடக்க வேலைகளைப் பங்குச் சுவாமியும் அயலும் பார்த்தார்கள். மரண அறிவித்தல் அடிப்பிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் பக்கத்து நோட்டீஸ் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். செத்தவரின் படம், பிறகு இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார் இன்னாரின் பாசமிகு தாயாரும் என்று வரிசை. செத்துப்போன பிள்ளையென்றால் பேருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று வரும். இருக்கிற பிள்ளையென்றால் பேருக்குப் பின்னால் அடைப்புக்குள் அவர் இருக்கிற நாடோ ஊரோ வரும். அச்சகக்காரன் மகளின் பேரைப் போட்டான், அடைப்புக்குள் சுவிஸ் என்று போட்டான். மகனின் பேரை அடித்துவிட்டுக் கையை நிறுத்தி என்னைப் பார்த்தான். “அண்ணை, இவருக்கு முன்னுக்குப் போடுறதோ, பின்னுக்குப் போடுறதோ?”

மகளுக்குப் போன் எடுத்தேன். “அண்ணா, நீங்களே ஒண்டைப் போடுங்கோ. என்னாலை ஏலாது” என்றா.

முன்னுக்குப் போட எனக்குக் கை வரவில்லை. ஒரு தரம் நான் கம்பியை வெட்டியவன். பெற்றவா செத்துக் கிடக்கிற நேரம், அவா ஒருநாளும் ஒத்துக்கொள்ளாத சொல்லை அவாவின் நோட்டீஸிலேயே அடிக்க நான் ஆர்? பேரை விட்டுவிடவும் முடியாது, அது அதைவிடப் பாவம். “பின்னுக்குப் போடுங்கோ. கண்டாவளை எண்டு போடுங்கோ” என்றேன். வீடு அங்கேதானே, கிற்றார் அங்கேதானே என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். நோட்டீஸைக் கண்டாவளையிலிருந்து பரந்தன் சந்தி, கிளிநொச்சி பஸ் நிலையம் வரைக்கும் ஒட்டுவித்தேன். அன்றைக்கு எனக்கு மனதுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அடுத்த நாள் செத்த வீட்டில், பந்தலுக்குள் நான் கதிரை அடுக்கிக்கொண்டிருக்கும்போது, வயது போன ஒரு அம்மா நேரே என்னிடம் வந்தா. முல்லைத்தீவு ஆள். கிளிநொச்சியில் கிளினிக்குக்கு வந்து, பஸ் நிலையச் சுவரில் நோட்டீஸைக் கண்டு, மருந்தும் எடுக்காமல் ஓடி வந்திருக்கிறா. ரீச்சரோடு கொட்டகையில் இருந்தவாவாம். மூச்சு வாங்கியது. பிரேதத்தின் பக்கம் அவா திரும்பியும் பார்க்கவில்லை.

“தம்பி, ரீச்சரின்ரை மகன் வந்திட்டாராமெல்லோ. நோட்டீஸில கண்டாவளை எண்டு கிடக்கு. எங்கை அவர்?”

அவா பையைத் திறந்து, பிளாஸ்ரிக் உறை போட்ட ஒரு படத்தை எடுத்து என் கையில் திணித்தா. மீசை அரும்பின ஒரு முகம். “இதை ஒருக்கா அவரிட்டைக் காட்டுங்கோ. கரைச்சல் குடுக்கமாட்டன். அவரைப் பிடிச்சு வச்சிருந்த இடத்திலை என்ரை பிள்ளையையும் கண்டவரோ எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ.”

“அம்மா, அவர் வரேல்லை. நான்தான் அப்பிடிப் போடச் சொன்னனான்.”

“வரேல்லையோ?”

“வரேல்லை.”

“ஏன் தம்பி அப்பிடிப் போட்டனீங்கள்?” என்று கேட்டா. ஏச்சில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டா. படத்தை என் கையிலிருந்து மெல்ல எடுத்து, சீலைத்தலைப்பால் துடைத்து, பையில் வைத்தா. பிறகுதான் ரீச்சரின் கால்மாட்டுக்குப் போய் இருந்தா.

கொட்டகையில் ரீச்சரோடு இருந்த தாய்மார் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் அந்தச் சுவர்களைக் கடந்து பஸ் ஏறுவார்கள் என்று நினைத்ததும் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். சுவரில், மதகில், மின்கம்பத்தில், கண்ட இடமெல்லாம் நோட்டீஸைக் கிழித்தேன். ரீச்சரின் பிரேதத்தைச் சேமக்காலைக்கு எடுக்கிறபோது நான் அங்கே இல்லை. பரந்தன் சந்தியில், வெயிலில், ஒரு கம்பத்துக்கு முன்னால் நின்றேன். பசை நல்லாகப் பிடித்துவிட்டது, இழுத்தபோது மேல்பாதி ரீச்சரின் படத்தோடு கையில் வந்தது, கீழ்ப்பாதி வரவில்லை. மகனின் பேரும் அடைப்புக்குள் ஊரும் அதில் இருந்தன. தெருவில் போனவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் நகத்தால் சுரண்டத் தொடங்கினேன். முதலில் ஊர் போனது, பிறகு அவன் பேர்.